பொண்ணு கனடாவுல குளிர்காலம் பூரா சோர்ந்து கிடக்கா, கோர்ஸை விட்டுட்டு வரச் சொல்லிடலாமா?

நங்கநல்லூர்லேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பொண்ணு எட்மன்டன்ல மாஸ்டர்ஸ் படிக்கறா, இது அவளுக்கு அங்க ரெண்டாவது குளிர்காலம். போன வருஷமே ஜனவரில கொஞ்சம் டல்லா இருந்தா, ஏப்ரல் மே வந்ததும் பழைய மாதிரி ஆயிட்டா. இந்த வருஷம் நவம்பர்லேர்ந்தே ஆரம்பிச்சுடுச்சு. பத்து மணி நேரம் பதினோரு மணி நேரம் தூங்கறா, எழுந்தாலும் உடம்பு கனமா இருக்குன்றா, பிரெட் நூடுல்ஸ் சாதம்னு ஏதாவது சாப்ட்டுட்டே இருக்கா, வெயிட் போட்டிருக்கு, ஃப்ரெண்ட்ஸ் கூப்ட்டா போறதில்ல, போன் பண்ணா "ஒண்ணுமில்லம்மா, விண்டர் முடிஞ்சா சரியாயிடும்"னு வெச்சுடறா. இப்போ பிப்ரவரி நடுவுல இருக்கோம், விண்டர் முடியற வழியக் காணோம். அப்பா சோம்பேறித்தனம்னு திட்டறார், வீட்டுல ஒருத்தர் திருஷ்டின்றாங்க, இவங்களுக்கு வந்துடுன்னு சொல்லிடலாமான்னு இருக்கு. கேள்வி கடைசில "குளிர் ஒத்துக்கலையா, சாப்பாட்டுல என்ன சேர்க்கலாம், நாங்க சைவம்"னு முடியுது. ஆனா மொத்தமா படிச்சா சாப்பாடு பத்தின கேள்வி இல்ல இது. என் பொண்ணு மாறிட்டாளா இல்ல அவளுக்கு உடம்பு முடியலையா, இவ்ளோ தூரத்துல உக்காந்துக்கிட்டு நான் என்ன பண்ண முடியும், இதைத்தான் கேட்டிருக்காங்க.

நான் சென்னைல சைக்கியாட்ரிஸ்ட். நடுவுல சில வருஷம் ஸ்காட்லாந்துல அபர்தீன்ல வேலை பார்த்தேன், நம்மூர் நர்ஸுங்க, டாக்டருங்க, படிக்க வந்த பசங்கன்னு நிறைய பேரை அந்த இருட்டுல பார்த்திருக்கேன். இப்போ இங்க கிளினிக்ல கனடா, அயர்லாந்து, ஸ்வீடன்ல பசங்க இருக்கற அப்பா அம்மா ஒவ்வொரு குளிர்காலமும் இதே கவலையோட வர்றாங்க. உங்க பொண்ணை நான் பார்க்கல, அதனால இதுதான் வியாதின்னு நான் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். நீங்க எழுதினதை வெச்சு எதை முதல்ல சந்தேகப்படணும், என்ன வரிசைல போகணும், அதை மட்டும் சொல்றேன்.

முதல்ல சந்தேகப்பட வேண்டியது சீசனல் டிப்ரஷன், அதாவது வருஷா வருஷம் ஒரே பருவத்துல வந்து அந்தப் பருவம் போனதும் தானா விலகற மனச்சோர்வு. சாதாரண டிப்ரஷன்ல பெரும்பாலும் தூக்கம் போயிடும், பசி போயிடும், ஆள் இளைச்சுப் போவாங்க. குளிர்காலத்துல வர்றது அதுக்கு நேர் எதிரா இருக்கும். தூக்கம் ஜாஸ்தி, மாவுச்சத்து மேலயும் இனிப்பு மேலயும் ஆசை ஜாஸ்தி, கை காலை யாரோ அமுக்கிப் பிடிச்ச மாதிரி கனம், யாரையும் பார்க்கப் பிடிக்காது. இருபதுகள்ல இருக்கற பொண்ணுங்ககிட்ட இது அதிகம். நீங்க எழுதினது ஒவ்வொண்ணும் இதுல வருது. முதல் குளிர்காலத்துல இப்படி இருந்தா நாங்க அந்தப் பேரைச் சொல்ல மாட்டோம், ஏன்னா ஊர் புதுசு, சாப்பாடு புதுசு, பணக் கஷ்டம், ஏக்கம்னு நூறு காரணம் இருக்கலாம். டாக்டருங்க வெச்சிருக்கற விதிப்படி குறைஞ்சது தொடர்ந்து ரெண்டு வருஷம் அதே பருவத்துல வரணும், நடுவுல முழுசா சரியாகணும். உங்க பொண்ணுக்குப் போன மே மாசம் பழையபடி ஆயிட்டான்னு ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, மொத்தக் கேள்விலயும் எனக்கு ரொம்ப உபயோகமா இருந்தது அந்த வரிதான். சோம்பேறித்தனத்துக்கு காலண்டர் தெரியாது. இதை அவங்க அப்பாகிட்ட தயவுசெஞ்சு படிச்சுக் காட்டுங்க.

குளிர் ஒத்துக்கலையான்னு கேட்டிருக்கீங்க. குளிருக்கு இதுல பங்கு இருக்கு, ஆனா அது பின்னாடி நிக்கற பங்கு, முன்னாடி நிக்கறது வெளிச்சக் குறைவு. நம்ம சென்னைல வருஷத்துலயே சின்ன பகல் டிசம்பர்ல, அப்பவும் பதினோரு மணி நேரத்துக்கு மேல பகல் இருக்கும், பெரிய பகல் ஜூன்ல கிட்டத்தட்ட பதிமூணு மணி நேரம். வித்தியாசம் ஒண்ணரை மணி நேரம்தான், நமக்குத் தெரியறதே இல்ல. எட்மன்டன்ல ஜூன்ல 17 மணி நேரம் பகல், டிசம்பர்ல ஏழரை மணி நேரம். காலைல எட்டே முக்கால் வாக்குல சூரியன் வந்து சாயங்காலம் நாலேகாலுக்குப் போயிடும், அந்த ஏழரை மணி நேரத்துலயும் நடு மத்தியானத்துல கூட சூரியன் அடிவானத்துலேர்ந்து 13 டிகிரி உயரத்துலதான் நிக்கும், நமக்கு அதே நாள்ல 53 டிகிரி. இருபது வருஷம் நம்ம வெயில்ல வளர்ந்த உடம்பைக் கொண்டு போய் அங்க வெச்சிருக்கோம். குளிர் என்ன பண்ணுதுன்னா, இருக்கற அந்தக் கொஞ்ச வெளிச்சத்துக்கும் அவளை வெளிய போக விடாம பண்ணுது. மைனஸ் இருபதுல யாரு நடக்கப் போவாங்க. கிளாஸ் முடிச்சு பஸ் ஏறி நேரா ரூம்.

அந்த ரூம் பேஸ்மென்ட்லன்னு நீங்க போற போக்குல எழுதியிருக்கீங்க, நான் அங்கயே நின்னுட்டேன். கனடாவுல வாடகை கம்மின்னு நம்ம பசங்க நிறைய பேர் எடுக்கறது பேஸ்மென்ட்தான். தரைக்குக் கீழ ரூம், செவுத்துல மேல ஓரமா ஒரு சின்ன ஜன்னல், பனி கொட்டினா அந்த ஜன்னலும் வெளிப்பக்கம் மூடிக்கும். ரூம்ல லைட் போட்டா நம்ம கண்ணுக்கு நல்ல வெளிச்சமாத்தான் தெரியும், ஏன்னா கண்ணு சட்டுனு பழகிடும். ஆனா அளந்து பார்த்தா வீட்டு ரூம்ல 100லேர்ந்து 300 லக்ஸ் இருந்தா பெருசு, லக்ஸ்ங்கறது வெளிச்சத்தை அளக்கற அலகு. வெளிய மேகம் மூடின நாள்லயே பகல்ல சில ஆயிரம் லக்ஸ் இருக்கும், நல்ல வெயில்ல லட்சம் வரைக்கும் போகும். அவளை போன்ல ஒரு லக்ஸ் மீட்டர் ஆப் போட்டு, கட்டில்ல உக்காந்தா கண்ணு எங்க இருக்குமோ அங்க போனைப் பிடிச்சுப் பார்க்கச் சொல்லுங்க, அப்புறம் மத்தியானம் வாசல்ல நின்னு ஒரு தடவை. போன் காட்டற நம்பர் துல்லியமா இருக்காது, ஆனா உள்ள 80ன்னும் வெளிய 8,000ன்னும் காட்டும்போது அவளுக்கே புரியும், தான் சோம்பேறி இல்லன்னு.

வெளிச்சத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. இதுல எது உறுதி எது உறுதி இல்லன்னு பிரிச்சுச் சொல்லணும், ஏன்னா இன்டர்நெட்ல எல்லாத்தையும் ஒரே குரல்ல சொல்றாங்க. உறுதியானது இது. கண்ணுல பொருளைப் பார்க்கறதுக்கான செல்கள் தவிர, வெளிச்சம் எவ்ளோ இருக்குன்னு மட்டும் மூளைக்கு சொல்ற செல்கள் தனியா இருக்கு, 2002 வாக்குலதான் அது தெளிவாச்சு. அந்த செல்கள் மூளைக்குள்ள இருக்கற கடிகாரத்தை தினம் காலைல சரி பண்ணுது. ராத்திரி சுரக்கற மெலடோனின்ங்கற தூக்க ஹார்மோனை பலமான வெளிச்சம் நிறுத்துங்கறதை 1980ல லூயின்னு ஒரு அமெரிக்க டாக்டர் மனுஷங்ககிட்டயே காட்டினார், சாதாரண ரூம் வெளிச்சத்தால அந்த அளவுக்கு முடியலன்னும் சேர்த்துக் காட்டினார். அதுக்கப்புறம் 1984ல நார்மன் ரோசன்தால்னு ஒருத்தர் 29 பேரைப் படிச்சு இந்த வியாதிக்கு ஒரு பேர் வெச்சு எழுதினார். அவரே தென்னாப்பிரிக்காவுல ஜோஹன்னஸ்பர்க்லேர்ந்து நியூயார்க் போனவர், வெயில் ஊர்லேர்ந்து போய் அந்தக் குளிர்காலத்துல தான் மந்தமாகறதைத் தன்கிட்டயே கவனிச்சவர். உங்க பொண்ணுக்கு இதைச் சொல்லுங்க, இந்த வியாதியை எழுதி வெச்ச ஆளே அவ மாதிரி வெயில்லேர்ந்து போனவர்தான்னு.

உறுதி இல்லாதது, இந்த வெளிச்சக் குறைவு உடம்புக்குள்ள என்ன பண்ணி மனச்சோர்வா மாறுதுங்கறது. கடிகாரம் பின்னாடி தள்ளிப்போறதாலன்னு ஒரு கட்சி, மெலடோனின் காலைலயும் நீளறதாலன்னு ஒரு கட்சி, மனநிலையோட சம்பந்தப்பட்ட செரடோனின்ங்கற மூளை ரசாயனம் குறையறதாலன்னு ஒரு கட்சி, மூணுக்கும் கொஞ்சம் கொஞ்சம் ஆதாரம் இருக்கு. எத்தனை பேருக்கு வருதுங்கறதுலயும் சண்டை இருக்கு. 2016ல அமெரிக்காவுல முப்பத்து நாலாயிரம் பேர்கிட்ட எடுத்த சர்வேயை அலசிட்டு, மொத்த ஜனத்தொகைல டிப்ரஷனுக்கும் பருவத்துக்கும் சம்பந்தமே தெரியலன்னு எழுதினாங்க. ஐஸ்லாந்து அவ்ளோ வடக்குல இருக்கு, ஆனா அந்த அட்சரேகைக்கு எதிர்பார்க்கற அளவு அங்க இது இல்ல, கனடாவுக்குக் குடிபோன ஐஸ்லாந்துக்காரங்க வம்சத்துலயும் குறைவுதான், அதனால பரம்பரைக்கும் ஒரு பங்கு இருக்கணும். குளிர்காலத்துல கொஞ்சம் மந்தமாகற எல்லாருக்கும் வியாதின்னு முத்திரை குத்தக் கூடாதுங்கறது என் கருத்தும் கூட. ஆனா ரெண்டு வருஷமா அதே பருவத்துல வந்து, படிப்பையும் பழக்கத்தையும் கெடுக்கற அளவுக்குப் போன ஒரு பொண்ணு அந்த சண்டைக்கு வெளிய இருக்கா, அவளுக்கு வைத்தியம் வேணும்.

வைத்தியத்துக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை. இதை விடவே விடாதீங்க. தைராய்டு குறைஞ்சா இதே சோர்வு, இதே தூக்கம், இதே வெயிட், குளிர் தாங்காமையும் சேர்ந்து வரும், அச்சு அசல் இதே மாதிரி இருக்கும். ஹீமோகுளோபின், அதோட ஃபெரிட்டின்னு இரும்புச்சத்து இருப்பு, அப்புறம் நீங்க சைவம்ன்றதால பி12 கட்டாயம். வீட்டுல இருந்தவரைக்கும் தினம் தயிரும் பாலும் போயிட்டு இருந்திருக்கும், அங்க போய் பிளாக் காபியும் பிரெட்டும்னு ஓடும்போது ரெண்டு வருஷத்துல பி12 இறங்கிப்போன பசங்களை நான் நிறைய பார்த்திருக்கேன். யுனிவர்சிட்டி ஹெல்த் சென்டர்ல போய் இத்தனையும் கேட்டு எடுக்கலாம்.

வைட்டமின் டி பத்தி தனியா சொல்லணும், ஏன்னா எல்லாரும் முதல்ல அதைத்தான் சொல்வாங்க. எட்மன்டன் அளவு வடக்குல அக்டோபர்லேர்ந்து மார்ச் வரைக்கும் வெயில்ல நின்னாலும் தோல்ல வைட்டமின் டி உண்டாகறதில்ல, 1988லயே பாஸ்டனையும் எட்மன்டனையும் வெச்சு இதைக் காட்டிட்டாங்க. நம்ம நிறத்துக்கு இன்னும் கஷ்டம். அதனால எலும்புக்கும் தசைக்கும் அவ வைட்டமின் டி எடுத்துக்கறது நியாயம். ஆனா அதை எடுத்தா இந்த மனச்சோர்வு போகுமான்னா, நம்பிக்கையா சொல்ல முடியாது. அமெரிக்காவுல 50 வயசுக்கு மேல இருக்கற பதினெட்டாயிரம் பேருக்கு அஞ்சு வருஷம் கிட்ட குடுத்துப் பார்த்ததுல டிப்ரஷன் குறையலன்னு 2020ல வந்துச்சு. அது வேற வயசு, வேற நிலைமை, சரிதான், இருந்தாலும் மாத்திரை வாங்கிக் குடுத்துட்டோம்னு நிம்மதியா இருந்துடக் கூடாது.

வேலை செய்யுதுன்னு தைரியமா சொல்லக் கூடியது காலை வெளிச்சம். லைட் தெரபி லேம்ப்னு விக்கறாங்க, 10,000 லக்ஸ் குடுக்கறது. காலைல எழுந்த உடனே, அரை மணி நேரம், அது முன்னாடி உக்காரணும். லைட்டையே முறைச்சுப் பார்க்க வேண்டாம், கண்ணைத் திறந்து வெச்சிட்டு காபி குடிக்கலாம், படிக்கலாம், உங்ககிட்ட பேசலாம். கனடாவுலயே 2006ல 96 பேரை வெச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, பாதிப் பேருக்கு இந்த லைட், பாதிப் பேருக்கு ஃப்ளூக்செடின்னு டிப்ரஷனுக்குக் குடுக்கற மாத்திரை, எட்டு வாரத்துல ரெண்டு பக்கமும் மூணுல ரெண்டு பேருக்குக் குணம் தெரிஞ்சது. லைட் கொஞ்சம் சீக்கிரமாவே வேலை பண்ணும், ஒரு வாரம் ரெண்டு வாரத்துல காலைல எழுந்திருக்கறது சுலபமாகும். வாங்கும்போது ஒண்ணு பார்க்கணும், பெட்டில 10,000 லக்ஸ்னு போட்டிருந்தா எவ்ளோ தூரத்துலன்னு படிக்கணும். கையகல லேம்ப் சிலது மூக்குகிட்ட வெச்சாதான் அந்த அளவு வரும், ஒரு முழம் தள்ளினா ஒண்ணும் இருக்காது. பெரிய பலகை மாதிரி இருக்கறது, ஒரு அடி ஒண்ணரை அடி தூரத்துல அந்த அளவு வர்றது, புற ஊதாக் கதிரை வடிகட்டறது, அதை வாங்கணும். காசுக்குக் கஷ்டம்னா கனடாவுல சில பப்ளிக் லைப்ரரிலயும் யுனிவர்சிட்டி லைப்ரரிலயும் இந்த லைட்டை வெச்சிருக்காங்க, காலைல போய் உக்காரலாம், விசாரிக்கச் சொல்லுங்க.

ரெண்டு பேருக்கு மட்டும் டாக்டரைக் கேக்காம லைட் வேண்டாம். கண்ணுல விழித்திரை வியாதி இருக்கறவங்க, வெளிச்சத்துக்குத் தோலைக் கூச வைக்கற மாத்திரை சாப்பிடறவங்க, முகப்பருவுக்குக் குடுக்கற சில மாத்திரை கூட அதுல வரும், அவங்க ஒரு ரகம். இன்னொண்ணு, அவளுக்கோ உங்க வீட்டு நெருங்கின சொந்தத்துல யாருக்காவதோ பைபோலார், அதாவது ஒரு சமயம் மனச்சோர்வும் ஒரு சமயம் அளவுக்கு மீறின உற்சாகமுமா மாறி மாறி வர்ற வியாதி, இருந்தா. பலமான வெளிச்சம் அவங்களை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும், தூக்கமே இல்லாம ஓவர் குஷி, வேகமான பேச்சு, கண்ணு மண்ணு தெரியாத செலவுன்னு போயிடும். குடும்பத்துல அப்படி யாராவது இருந்தா நம்மாளுங்க வெளிய சொல்ல மாட்டாங்க. நீங்க பொண்ணுகிட்ட சொல்லியே ஆகணும், அவ அங்க டாக்டர்கிட்ட சொல்லணும்.

இப்போ இங்கேர்ந்து நீங்க செய்யக் கூடியது. உங்களுக்கும் அவளுக்கும் இப்போ பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நீங்க காலைல வேலையெல்லாம் முடிச்சு பதினோரு மணிக்கு மேல கூப்பிடறேன்னு எழுதியிருக்கீங்க, அது அவளுக்கு ராத்திரி பத்தரை, பேசி வெச்சதும் தூக்கம் வராது, போனை நோண்டிட்டு ரெண்டு மணிக்குப் படுப்பா, மறுநாள் பன்னெண்டு மணிக்கு எழுந்தா இருந்த பகல்ல பாதி போச்சு. அதை மாத்திடுங்க. உங்க ராத்திரி எட்டு மணி அவளுக்குக் காலைல ஏழரை. தினம் எட்டு மணிக்கு வீடியோ கால் போடுங்க, லேம்ப்பை ஆன் பண்ணிட்டு அது முன்னாடி உக்காந்து காபியோட உங்ககிட்ட பேசட்டும், அரை மணி நேரம் ஓடினதே தெரியாது. இந்த ஒண்ணை மட்டும் ஒழுங்கா பிடிச்ச குடும்பங்கள்ல நல்ல மாற்றம் பார்த்திருக்கேன், ஏன்னா லேம்ப் வாங்கற பசங்க நிறைய, தினம் காலைல அது முன்னாடி உக்கார்றவங்க கம்மி. டிப்ரஷன்ல இருக்கறவங்களால தனியா ஒரு பழக்கத்தைப் பிடிக்கறது ரொம்பக் கஷ்டம். அந்த வீடியோ காலை விசாரணை கமிஷன் ஆக்கிடாதீங்க. குளிச்சியா, சாப்ட்டியா, அசைன்மென்ட் முடிச்சியான்னு ஆரம்பிச்சா மூணாவது நாள் எடுக்க மாட்டா. எதிர் வீட்டுல என்ன நடந்தது, பக்கத்துல எந்தக் கடை மூடினாங்க, மாடித் தோட்டத்துல என்ன பூத்திருக்குன்னு பேசுங்க. அப்பாவும் கேமரா முன்னாடி வந்து அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரட்டும், அறிவுரை வேண்டாம்.

அதோட மத்தியானம் ஒரு அரை மணி நேரம் வெளிய நடை. குளிருக்குத் தேவையான எல்லாத்தையும் போட்டுக்கிட்டு, பாதை வழுக்கும்ன்றதால ஷூவுல பல் மாட்டிக்கிட்டு. பிப்ரவரில ஒரு நல்ல விஷயம் இருக்கு, பகல் ஏற்கெனவே பத்து மணி நேரம் கிட்ட வந்துடுச்சு, தரை பூரா பனி இருக்கறதால வெளிச்சம் கீழேர்ந்தும் தெறிச்சு வரும். அவளுக்கு விண்டர் முடியலன்னு தோண்றது பனி இன்னும் கரையாததால, பனி ஏப்ரல் வரைக்கும் கூட கிடக்கும், ஆனா வெளிச்சம் அதுக்கு ரொம்ப முன்னாடியே திரும்பிடும். மார்ச் 20 வாக்குல எட்மன்டன்லயும் சென்னைலயும் பகல் கிட்டத்தட்ட ஒரே நீளம், அதுக்கப்புறம் அவங்க நம்மளைத் தாண்டிப் போயிடுவாங்க. இன்னும் அஞ்சு வாரம். வெளியப் பனியைப் பார்த்து எடை போடாம கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்க. வேர்ஹவுஸ்ல நைட் ஷிஃப்ட் பார்க்கறாளான்னும் கேளுங்க, நம்ம பசங்க சொல்ல மாட்டாங்க, பணம் அனுப்பச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு ராத்திரி வேலைக்குப் போவாங்க. ராத்திரி வேலை பார்த்துட்டு பேஸ்மென்ட்ல பகல் பூரா தூங்கினா எந்த லேம்ப்பும் ஒண்ணும் பண்ண முடியாது, அப்படின்னா ரெண்டு மூணு மாசம் நீங்க கொஞ்சம் பணம் சேர்த்து அனுப்பறது மருந்து மாதிரிதான்.

சாப்பாடு கேட்டீங்க. மாவுச்சத்து மேல வர்ற அந்த ஆசை வியாதியோட ஒரு பகுதி, அவளைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல. காலைல ஏதாவது புரதம் போகட்டும், சுண்டல், முளைகட்டின பயறு, தயிர், பனீர். பருப்புப்பொடி அனுப்புங்க, மனசுக்கு நல்லது. இங்கேர்ந்து மாத்திரை எதையும் வாங்கி அனுப்பாதீங்க, தூக்க மாத்திரை, பக்கத்து வீட்டுக்காரங்களுக்குக் குணமான மாத்திரை எதுவும் வேண்டாம்.

லைட் ரெண்டு மூணு வாரம் ஒழுங்கா பண்ணியும் அசைவே இல்லன்னா, இல்ல இப்பவே கிளாஸுக்குப் போறதை விட்டுட்டான்னா, அங்கயே டாக்டரைப் பார்க்கணும். மாத்திரை இருக்கு, அதுல புப்ரோப்பியான்னு ஒண்ணை அமெரிக்காவுல 2006லயே குளிர்கால டிப்ரஷன் வராம தடுக்கறதுக்குன்னு அங்கீகரிச்சாங்க. பேச்சு வழி சிகிச்சையும் இருக்கு, இந்த வியாதிக்குன்னே வடிவமைச்ச சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாத்தக் கத்துக் குடுக்கற சிகிச்சை. அமெரிக்காவுல 177 பேரை வெச்சுப் பார்த்ததுல அந்தக் குளிர்காலத்துக்கு லைட்டும் சிபிடியும் சமம், ஆனா ரெண்டு குளிர்காலம் தள்ளிப் பார்த்தா சிபிடி எடுத்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்குத்தான் திரும்ப வந்துச்சு, லைட் எடுத்தவங்கள்ல பாதிக்குக் கொஞ்சம் கம்மியா வந்துச்சு. எனக்கு இதுல ஆச்சரியம் இல்ல, பி.பி. குறைஞ்சதும் மாத்திரையை நிறுத்தற மாதிரி லேம்ப்பையும் மேல பரண்ல தூக்கிப் போட்டுடறாங்க. யுனிவர்சிட்டி கவுன்சிலிங்ல ஆரம்பிக்கலாம். நீங்க போன் பண்ணி விவரம் கேட்டா சொல்ல மாட்டாங்க, அவ வயசு வந்தவ, அவ சம்மதம் வேணும், அதுக்காகக் கோவப்படாதீங்க.

கூட்டிட்டு வந்துடலாமாங்கறதுக்கு என் பதில், இப்போ முடிவு பண்ணாதீங்க. அவ வந்தா ஒரு வாரத்துல தெளிஞ்சுடுவா, தெற்கே வெயில் ஊருக்குப் போனா சரியாகறது இந்த வியாதியோட குணம்தான். அதைப் பார்த்துட்டு அந்த ஊரே ஆகாதுன்னு எல்லாரும் முடிவுக்கு வந்துடுவீங்க. செமஸ்டர் ஏப்ரல்ல முடியுது, வெளிச்சம் மார்ச்சுல வந்துடுது. டிப்ரஷன்ல இருக்கும்போது எடுக்கற முடிவுல தான் எதுக்கும் லாயக்கு இல்லங்கற எண்ணம் கலந்திருக்கும், வெளிய வந்தப்புறம் அந்த முடிவு அவளை வருஷக்கணக்கா உறுத்தும். மே மாசம் தெளிவா இருக்கும்போது அவளே யோசிச்சு, எனக்கு இந்த ஊர் வேண்டாம்னு சொன்னா, சந்தோஷமா வரட்டும், அது தோல்வி இல்ல.

இதுக்கு ஒரு விதிவிலக்கு. செத்துடலாம் போல இருக்கு, நான் இல்லாட்டி உங்களுக்கு நல்லது, இந்த மாதிரி ஒரு வார்த்தை வந்தா, நாள் கணக்கா போன் எடுக்கலன்னா, சாப்பாடு குளியல் ரெண்டும் நின்னுட்டா, செமஸ்டராவது படிப்பாவது. நேராவே கேளுங்க, சாகணும்னு தோணுதாம்மான்னு. கேட்டா அந்த எண்ணத்தை நாமே உண்டாக்கிடுவோம்னு பயப்படாதீங்க, அப்படி ஆகறதில்ல, கேட்டதும் அழுதுட்டு சொல்லிடுவாங்க. கனடாவுல 988ன்னு ஒரு நம்பர் 2023 நவம்பர்லேர்ந்து இருக்கு, எந்நேரமும் கூப்பிடலாம், மெசேஜும் பண்ணலாம், ஆபத்துன்னா 911. பக்கத்துல இருக்கற தமிழ்க் குடும்பம் ஒண்ணு, ரூம்மேட் ஒருத்தர், இவங்க நம்பர் ரெண்டும் இப்பவே உங்க போன்ல இருக்கணும். அப்படி ஒரு நிலைமைன்னா வீட்டுல யாராவது கிளம்பிப் போறதோ அவளைக் கூட்டிட்டு வர்றதோ சரி, அதுவும் தனியா பிளைட் ஏத்தாம. உங்களுக்கே மனசு தாங்கலன்னா நம்ம அரசாங்கத்தோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்ல பேசலாம்.

இதைப் படிக்கற மத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊர்ல இருட்டால வர்றது அபூர்வம், ஆனா எனக்கு சித்திரை வைகாசில வேற மாதிரி ஆளுங்க வர்றாங்க, வருஷா வருஷம் கத்திரி வெயில்ல தூக்கம் போய், பசி போய், எரிச்சலும் பதட்டமுமா. கோடைல வர்ற டிப்ரஷனையும் 1987லயே எழுதி வெச்சிருக்காங்க, காரணம் வெப்பமா வெளிச்சமான்னு இன்னும் தீரல. வருஷா வருஷம் அதே மாசம்னா டாக்டர்கிட்ட அந்த மாசத்தைச் சொல்லுங்க.

அம்மா, அவ மே மாசம் நல்லா ஆனதும் இதை மறந்துடுவீங்க, மறக்காதீங்க. அடுத்த வருஷத்துக்கு ரூம் பார்க்கும்போது இருபது முப்பது டாலர் ஜாஸ்தி ஆனாலும் தரைக்கு மேல, தெற்குப் பார்த்த ஜன்னலோட எடுக்கட்டும், அங்க குளிர்கால சூரியன் தெற்குலதான் நிக்கும். செப்டம்பர் கடைசில லேம்ப்பை எடுத்துத் துடைச்சு மேஜை மேல வெச்சு, அக்டோபர்லயே அவளோட காலை நேர வீடியோ காலை ஆரம்பிச்சுடுங்க. முன்கூட்டி ஆரம்பிச்சா வராமயே தடுக்குமாங்கறதுக்கு நல்ல ஆய்வு குறைவு, ஆனாலும் பழைய நோயாளிங்களுக்கு நான் அப்படித்தான் சொல்றேன், அவங்களுக்கு முழு பலத்தோட வர்றதில்ல. வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு வர முடியும்னா அந்த லீவை மே ஜூன்ல வேண்டாம், டிசம்பர்ல வெச்சுக்கட்டும், அங்க ரொம்ப இருட்டான ரெண்டு மூணு வாரம் இங்க கழியும். திரும்பிப் போன முதல் வாரம் தூக்கம் தலைகீழா இருக்கும், அப்போ காலை லேம்ப்பை ஒரு நாள் கூட விடக் கூடாது. டிசம்பர் டிக்கெட் விலை எப்படி ஏறும்னு உங்களுக்கே தெரியும், ஜூலைலயே போட்டுடுங்க.